பிரிக்காமல் வைத்திருக்கும் ஆஸ்பத்திரிப் பை

கேள்வி: 2021 ஜூலையில், கொரோனா டெல்டா அலையில் அப்பா தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இறந்தார். முகம் பார்க்க விடவில்லை. அவருடைய செருப்பு, கண்ணாடி, போன் இருந்த ஆஸ்பத்திரிப் பையை அம்மா (63) இன்னும் பிரிக்கவில்லை. கோவிலுக்குப் போவதில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். தூக்க மாத்திரை போதுமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: போதாது. மாத்திரை சில இரவுகளைக் கடத்தும், அந்தப் பையைப் பிரிக்காது. டயஸெபாம் போன்றவை வாரக்கணக்கில் போனால் பழக்கமாகிவிடும்; ஏற்கெனவே எடுத்துவந்தால் திடீரென நிறுத்தவும் கூடாது.

இது மனச்சோர்வா, நீடித்த துக்கமா என்று முதலில் பார்க்க வேண்டும். மனச்சோர்வில் எதுவுமே ருசிக்காது, ‘நான் எதற்கும் உதவாதவள்’ என்ற எண்ணம் வரும். துக்கத்தில் ஏக்கம் ஒரே ஆள் மேல் இருக்கும். பேரன் வந்தால் சிரிப்பார், அடுத்த நிமிடமே “அவர் பார்க்கவில்லையே” என்பார். நீடித்த துக்கம் என்று சொல்ல, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ஆறு மாதம் தாண்ட வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஓராண்டு. அம்மா இரண்டையும் தாண்டிவிட்டார். மனச்சோர்வும் துக்கமும் சேர்ந்தும் வரலாம்.

அம்மா பலவீனமானவர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ‘போய்விட்டார்’ என்று மனம் ஏற்க, உடலைப் பார்ப்பதும் பதினாறு நாள் வீடு நிறைய ஆள் இருப்பதும் உதவும். அன்று இறுதிச் சடங்குக்கு 50 பேர்தான், இரவுக் கண்விழிப்புக்குத் தடை. அதே ஜூலையில், டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் கலவரத்தில் சாலைகளும் அடைபட்டன. வரவிருந்த உறவும் வரவில்லை.

பக்கத்துக் கிளினிக்கில் சிஸ்டரிடம், மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்வித் தாளை (PHQ-9) கேளுங்கள். மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒன்பதாவது, சாக நினைப்பு பற்றியது. மொத்தம் குறைவாக இருந்தாலும் அதற்கு ‘ஆம்’ என்றால் அன்றைக்கே பேச வேண்டும். தென்னாப்பிரிக்காவின் தற்கொலைத் தடுப்பு உதவிக்கான இலவச எண் 0800 567 567. தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். மனச்சோர்வு என்றால் ஃபுளுவாக்ஸெடின் போன்ற மருந்து தருவார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரமாகும். பத்து நாளில் ‘பிரயோஜனமில்லை’ என்று விடுபவர்கள் உண்டு. ஆனால் அந்த மருந்து ஏக்கத்தைத் தீர்க்காது. அதற்குத் துக்கத்துக்கென்றே உள்ள பேச்சு சிகிச்சை வேண்டும், ஏறக்குறைய 16 அமர்வுகள்.

தூக்கத்துக்கு, எழும் நேரத்தைக் கட்டிப் போடுங்கள். ஞாயிறும் காலை ஆறு என்றால் ஆறுதான். இருபது நிமிடம் தூக்கம் வராவிட்டால் கட்டிலை விட்டு எழுந்து மங்கல் வெளிச்சத்தில் உட்காரட்டும். மதியம் இரண்டுக்கு மேல் தேநீர் வேண்டாம்.

பைக்கு வருவோம். அவருக்குத் தெரியாமல் எடுத்து ஒளிப்பதுதான் பெரிய தவறு. சாக நினைப்பு இருந்தால் ஆலோசகர் இல்லாமல் தொடாதீர்கள். இல்லையென்றால், பகலில், நீங்கள் பக்கத்தில் இருக்க, மூடிய பையை மேசையில் வையுங்கள். வேதனை பத்துக்கு எத்தனை என்று கேளுங்கள். எட்டு என்றால், நான்காகும் வரை அங்கேயே உட்காருங்கள். பதினைந்து நிமிடமோ அரை மணியோ ஆகலாம். ஒரே நாளில் முழுதும் பிரிக்க வேண்டாம், அடுத்த வாரம் செருப்பு மட்டும். திதியன்று, அப்போது வர முடியாத உறவுகளை அழையுங்கள்.

போனை மட்டும் அம்மா எதிரில் சார்ஜ் போடாதீர்கள். இத்தனை வருடம் கிடந்த பேட்டரி உப்பியிருக்கலாம். முதலில் கடையில் காட்டி, குரல் பதிவுகளை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்றைக்குக் கேட்பது என்பதை அம்மாவே சொல்லட்டும்.