மணி நின்ற இடங்கள்

அன்புள்ள ஐயா,

வீராணம் ஏரிக்கரையில் உங்கள் நாய் மணியோடு கோடைக்காலையில் நடப்பதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். போன வருடம் என் மகள் தெருவில் கிடந்த ஒரு குட்டியைத் தூக்கி வந்தாள். இப்போது நன்றாக வளர்ந்துவிட்டது. உங்கள் கட்டுரையைப் படித்த பிறகு நானும் தினமும் காலையில் அதை எங்கள் ஊர் ஏரிக்குக் கூட்டிப்போகிறேன்.

ஆனால் நீங்கள் எழுதிய அமைதி எனக்குக் கிடைக்கவில்லை. பத்தடிக்கு ஒரு தடவை நின்று எதையாவது மோந்துகொண்டிருக்கிறது. மருத்துவர் என்னை நாற்பது நிமிடம் வேகமாக நடக்கச் சொல்லியிருக்கிறார். இழுத்தால் காலை ஊன்றிக்கொண்டு வர மறுக்கிறது. ஏரியும் வற்றிப்போய்விட்டது. வெடித்த மண்ணைத் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை. ஏரிக்குள் கயிற்றை அவிழ்த்துவிட்டால் அது ஓடி விளையாடும், நானும் என் நடையை முடித்துவிடலாம் என்று தோன்றுகிறது. அவிழ்த்துவிடலாமா? அல்லது ஏரியில் தண்ணீர் வந்த பிறகு போவதுதான் நல்லதா?

கே., பெரம்பலூர்

*

அன்புள்ள கே.,

முதலில் அவிழ்த்துவிடும் கேள்வியை முடித்துவிடுகிறேன். இந்தக் கோடை மாதங்களில் ஏரிக்குள் தயவுசெய்து அவிழ்த்துவிடாதீர்கள். நான் அவிழ்த்துவிட்டுத்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு சித்திரை மாதக் காலை. தண்ணீர் நடுப்பகுதிக்கு ஒதுங்கி, கரையோரம் முழுக்கக் காய்ந்த தரையாகக் கிடந்தது. மணியை விட்டேன். அம்பு மாதிரி ஓடினான். அவன் ஓட ஓடத் தலைக்கு மேலே இரண்டு ஆள்காட்டிக் குருவிகள் கத்திக்கொண்டே பாய்ந்து பாய்ந்து வந்தன. வேடிக்கை என்று நினைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தவனின் வாயோரம் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது. போய்ப் பார்த்தேன். கூழாங்கற்களுக்கு நடுவில் ஒரு சின்னக் குழி. அதில் மூன்று முட்டைகள் உடைந்திருந்தன. ஒன்று முழுதாக இருந்தது.

ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாது. வெட்டவெளித் தரைதான் அதன் கூடு. கோடையில், மற்ற பறவைகள் நிழல் தேடும் நாளில், நான்கு முட்டைகளை இட்டு நான்கு வாரம் அடைகாக்கும். மண் நிறத்தில் கறுப்புத் திட்டுகளோடு இருக்கும் முட்டையைக் காலடியில் இருந்தாலும் நம்மால் கண்டுபிடிக்க முடியாது, நாயின் மூக்கு கண்டுபிடித்துவிடும். மே மாத வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இருக்க, தாயோ தந்தையோ தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் போய் வயிற்றுச் சிறகுகளை நனைத்துக்கொண்டு வந்து அவற்றின் மேல் உட்காரும். இதைப் பல தடவை கரையிலிருந்து பார்த்திருக்கிறேன். மிஞ்சிய அந்த ஒற்றை முட்டையில் மறுநாளும் அது வந்து உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்தபின் ஏரிக்குள் மணியின் கயிறு என் கையை விட்டுப் போனதில்லை.

நீளமான கயிறு வாங்குங்கள், பதினைந்து அடி இருக்கட்டும். ஆள்காட்டி கத்த ஆரம்பித்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். அது உங்களைப் போகச் சொல்கிறது.

சரி, பத்தடிக்கு ஒரு தடவை நிற்கும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மருத்துவர் சொன்ன நடை உங்களுக்கு அவசியம், அதை விடக்கூடாது. மாலையில் தனியாக நடந்துவிடுங்கள். காலை நடையை நாய்க்குக் கொடுத்துவிடுங்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் இருவருக்கும் பாதிதான் கிடைக்கும். நாள் முழுக்க வாசலிலும் மாடிப்படியிலும் படுத்துக்கிடக்கும் உயிருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் உலகம்.

அது நின்று மோந்துகொண்டிருப்பதை நேரம் வீணாவதாக எண்ணாதீர்கள். நம் மூக்கில் ஐம்பது அறுபது லட்சம் மோப்ப ஏற்பிகள் இருக்கின்றன என்றால் நாயின் மூக்கில் இருபது கோடிக்கும் மேல். மூச்சை வெளியே விடும்போது நாசியின் பக்கவாட்டுப் பிளவு வழியாக விடும், அதனால் முன்னால் இருக்கும் வாசனை கலைவதில்லை. உங்கள் நாய் ஒரு புல் நுனியில் ஒரு நிமிடம் நிற்கிறது என்றால், ராத்திரி அந்த வழியில் போனது யார், எந்தப் பக்கம் போனது என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. மணி நின்ற இடங்களில் நானும் குனிந்து பார்க்கத் தொடங்கினேன். நரியின் காலடி, கீரியின் சின்னக் காலடி, உடும்பு வால் இழுத்துப்போன கோடு, முயல் புழுக்கை என்று ஒவ்வொன்றாக அடையாளம் தெரிய ஆரம்பித்தது. எத்தனையோ வருடம் அந்தக் கரையில் நடந்த எனக்கு அங்கே நரி இருப்பதே அவன் வந்த பிறகுதான் தெரிந்தது.

அதனால், வற்றிய ஏரியில் பார்க்க ஒன்றுமில்லை என்று நீங்கள் எழுதியதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தண்ணீர் நிறைந்த வீராணம் அழகுதான். பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய ஏரி, பதினான்கு கிலோமீட்டர் நீளம். நிறைந்திருக்கும்போது கடல் மாதிரி இருக்கும். ஆனால் தண்ணீர் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. வற்றும்போதுதான் மதகின் அடிப்பகுதி, வண்டல் படிந்த வரிகள், தண்ணீர் ஒவ்வொரு வாரமும் எவ்வளவு பின்வாங்கியது என்று காட்டும் விளிம்புகள் எல்லாம் தெரிகின்றன. மிச்சமிருக்கும் குட்டையில் மீன்கள் நெருக்கியடித்துக் கிடக்கும். அதற்காகக் கொக்கும் மடையானும் நாரையும் ஒரே இடத்தில் கூடும். மழைக்காலத்தில் இவ்வளவு பறவையை இவ்வளவு பக்கத்தில் பார்க்க முடியாது.

வீராணத்தின் கரை கிழக்கே இருக்கிறது. கரையில் ஏரியைப் பார்த்து நின்றால் சூரியன் நம் முதுகுப்பக்கம் வயல்களிலிருந்து எழும்பும். முதல் வெளிச்சம் தூரத்து மேற்குக்கரை மரங்களில்தான் விழும். கரையின் நிழல் ஏரிக்குள் நீளமாகக் கிடக்கும், அதன் விளிம்பில் என் நிழலும் மணியின் நிழலும். அந்த நிழல் சுருங்கும்வரை கரையின் உள்பக்க அடிவாரம் குளிர்ச்சியாக இருக்கும். அங்கேதான் நடப்போம். அந்த நேரத்தில் கரிச்சானின் குரல் ஓய்ந்து செண்பகத்தின் ஊம் ஊம் என்ற அடிக்குரல் கேட்கும். காதில் எதையும் மாட்டிக்கொள்ளாமல் போய்ப் பாருங்கள். மணியின் காது எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் நானும் கவனிப்பேன். சற்று நேரத்தில் எனக்கும் ஏதாவது கேட்கும்.

வெயில் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லவேண்டும். ஐந்து மணிக்குக் கிளம்பி ஏழரைக்குள் வீடு திரும்பிவிடுங்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள், பத்து விநாடி வைத்திருக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. குடிக்க வீட்டிலிருந்தே தண்ணீர் எடுத்துப்போங்கள். கோடையில் பச்சையாகப் பாசி படர்ந்து தேங்கிய நீர் நாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டுக்கு வந்ததும் காது மடலிலும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி பாருங்கள். அப்புறம் மற்ற வேலை.

இன்னொன்று. சம்பா அறுவடைக்கும் உளுந்துக்கும் பிறகு கரைக்குக் கிழக்கே உள்ள வயல்களில் ராமநாதபுரம் பக்கமிருந்து வரும் கீதாரிகள் ஆட்டுக்கிடை போடுவார்கள். கிடையைச் சுற்றி ராத்திரி முழுக்க விழித்திருந்த நாய்கள் நாங்கள் போகும் நேரத்தில்தான் கண் அயரும். மணி தூரத்திலேயே நின்றுவிடுவான். அவையும் தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் இருக்கும் நடுகல் நினைவுக்கு வரும். ஏழாம் நூற்றாண்டுக் கல், மகேந்திரவர்மன் காலம். எருமைகளைக் காக்கப் போய் இறந்த ஒரு வீரனுக்கு நட்டது. அவனோடு அவன் நாயையும் செதுக்கி, அது இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்றதைப் பெயரோடு எழுதிவைத்திருக்கிறார்கள். கோவிவன் என்பது அதன் பெயர்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உங்கள் மகள் தூக்கி வந்த குட்டிக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லையே. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.