பல்லி முட்டையை வீட்டில் வைத்துப் பொரிக்க வைக்க முடியுமா? இன்குபேட்டர் வாங்க வேண்டுமா?

அலுமாரிக்குப் பின்னால் இரண்டு வெள்ளை முட்டை கிடந்திருக்கும், பிள்ளை எறிய விடுகிறாள் இல்லை, அதுதானே? இன்குபேட்டர் என்ற சொல்லைக் கண்டதால்தான் எழுத வந்தேன். வாங்காதீர்கள்.

பல்லி முட்டையின் ஓடு சுண்ணாம்பு மாதிரிக் கெட்டி. கிடந்த பக்கம் மாறாமல் எடுத்து ஒரு யோகட் கப்பில் மணல் போட்டு வைத்தால், எங்கள் மட்டக்களப்புச் சூட்டுக்கு ஒன்றரை, இரண்டு மாதத்தில் குஞ்சு தானாக வரும். சுவரில் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், நொறுங்கிவிடும். கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். மிச்சம் என் கதை.

நாங்கள் வந்தாறுமூலைப் பக்கம். 2022 இல் சாமான் விலை ஏறின ஏற்றத்தில், கோழிக்குஞ்சு பொரித்து விற்கலாம் என்று ஒரு இன்குபேட்டர் வாங்கினேன். கச்சான் காற்று தொடங்கின நேரம், வளவில் மரவள்ளி கிண்டும்போது மண்வெட்டி ஓணான் முட்டைக்குள் இறங்கிவிட்டது. 14 முட்டை. 2 வெட்டுப்பட்டுப் போனது. இது பல்லி முட்டை மாதிரி இல்லை, நீளமாக, தோல் போல மெத்தென்று இருக்கும், விரல் வைத்தால் பள்ளம் விழும். அப்படியே மூடிவிட்டிருக்கலாம், அதுதான் சரியும் கூட. ஆனால் மகள் பார்த்துவிட்டாள். மாமி வேறு, "இராமருக்கு மூத்திரம் குடுத்த சாதி, கோழிக்குப் போடுங்க" என்று நின்றா.

அந்த நேரம் எங்கள் வீட்டில் வாடகைக்குத் தங்கி, கம்பஸில் (பல்கலைக்கழகத்தில்) படித்த தம்பி ஒருவர், "அங்கிள், மேல்பக்கத்தில பென்சிலால புள்ளி போடுங்க, பிரட்டிப் போடாதீங்க" என்றார். கோழி முட்டையை நாளுக்கு நாலு தரம் பிரட்டினால்தான் நல்லது, ஓணான் முட்டையில் கரு மேல்பக்கம் ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வளருமாம், பிரட்டினால் செத்துப்போகக்கூடும். நான் கேட்டேனா? புது மெஷின் வாங்கின மிதப்பு. 6 முட்டையைக் கோழி முட்டைகளோடு மெஷினில் வைத்தேன். அது 37.5 பாகையில் ஓடும், தானாகப் பிரட்டும், உள்ளே காற்றாடி வேறு. நாலாம் நாள் பார்த்தால் ஆறும் வற்றல் மாதிரிச் சுருண்டு கிடந்தது.

மற்ற 6 ஐ மகள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஐஸ்கிறீம் டப்பாவில் ஈர மணல், பாதி புதைத்து, புள்ளி மேலே பார்க்க வைத்து, மூடியில் ஊசியால் நாலு துளை, கட்டிலுக்குக் கீழே. மணலைப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. 28, 30 பாகை போதும் என்று அந்தத் தம்பி சொன்னார், பகல் வெக்கைக்கு எங்கள் வீட்டில் நிலத்துக்குப் பக்கத்தில்தான் அது கிடைக்கும். முட்டை ஈரத்தை உறிஞ்சி நாளுக்கு நாள் ஊதியது. இருட்டில் ஃபோன் வெளிச்சத்தைப் பிடித்தால் உள்ளே சிவப்பு நரம்பு தெரியும், அதற்கும் முட்டையை எடுக்க விடமாட்டாள், நான்தான் குனிய வேண்டும்.

ஏழாம் கிழமை ஒரு நாள் வெள்ளாப்பில் எழுப்பினாள். ஒரு முட்டையில் சவரக் கத்தியால் கீறின மாதிரி ஒரு கோடு, அதற்குள்ளால் தலை மட்டும் வெளியே, கண் திறந்தபடி. அசையவே இல்லை. செத்துவிட்டது என்று நினைத்து இழுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். அப்படியே மூன்று மணித்தியாலம் இருந்துவிட்டு ஒரே துள்ளலில் வந்தது. நீங்களும் இழுக்காதீர்கள். 6 இல் 5 பொரித்தது. வேலியில் விட்டோம், தாயும் வேண்டாம் தீனும் வேண்டாம், அதுவே எறும்பு பிடிக்கும்.

காட்டு உயிரை வீட்டில் அடைப்பதா என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: வளர்க்கவில்லை, நான் கிண்டிக் கெடுத்ததைத்தான் மகள் சரிசெய்தாள். உடும்பு முட்டை என்றால் தொடவே வேண்டாம், அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பிராணி.

அப்புறம் அந்த மெஷின். 40 கோழி முட்டை வைத்தேன், பொரித்தது 3. கரண்ட் வெட்டைச் சொல்லலாம், ஆனால் கரண்ட் இருந்த நேரமும் வெப்பமானி ஒன்று காட்டும், உள்ளே வேறொன்று இருக்கும். விற்ற ஆளுக்கு எத்தனை தரம் எடுத்திருப்பேன், முதலில் "பார்த்துச் சொல்றன் அண்ணே", பிறகு நம்பரே வேலை செய்யவில்லை. ஐஸ்கிறீம் டப்பாவுக்கு என்ன செலவு? அந்த ஆள் இப்பவும் அதே படத்தைப் போட்டு, ஒரு வருட உத்தரவாதம் என்று எழுதி விற்றுக்கொண்டிருக்கிறார்.