இரவில் உறுத்தும் கண், இரவில் வரும் காய்ச்சல்

கேள்வி: என் மகன் லாரி பாடி கட்டும் பட்டறையில் மூன்று மாதமாக உதவியாளாக இருக்கிறான். அவன் வெல்டிங் ராடு பிடிப்பதில்லை. மேஸ்திரி டேக் வைக்கும்போது, அதாவது தகட்டை அங்கங்கே புள்ளியாக ஒட்டும்போது, தகட்டைப் பிடித்துக்கொள்வதோடு சரி. ஆனாலும் சில நாள் நள்ளிரவில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் இருக்கிறது என்று எழுந்து உட்கார்ந்துவிடுகிறான். தாய்ப்பால் விடச் சொல்கிறார்கள். விடலாமா?
- ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: விட வேண்டாம். வெயில் தோலைச் சுடுவதுபோல, வெல்டிங் ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் கருவிழியின் மேற்பரப்பைச் சுட்டுவிடுகிறது. சுடும்போது ஒன்றும் தெரியாமல், பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்தே உறுத்தலும் நீர் வடிதலும் தொடங்குவதால்தான் உங்கள் மகன் வீட்டுக்கு வந்து படுத்த பிறகு அவதிப்படுகிறார். புண்ணான அந்தப் பரப்பில் எந்தப் பாலை விட்டாலும் கிருமி சேர வாய்ப்புண்டு. குளிர்ந்த ஈரத்துணியால் மூடிய கண்ணுக்கு ஒத்தடம் கொடுத்து, இருட்டறையில் ஓய்வெடுக்கச் செய்து, கண் மருத்துவரிடம் காட்டுங்கள். வழக்கமாக ஓரிரு நாளில் ஆறிவிடும். வலி மரத்துப்போகும் சொட்டு மருந்தைக் கடையில் தாமாக வாங்கி விட்டுக்கொண்டே இருந்தால் புண் ஆறுவது தள்ளிப்போகும். இரண்டு கண்ணும் அல்லாமல் ஒரு கண் மட்டும் உறுத்தினால், கிரைண்டரிலிருந்து தெறித்த இரும்புத் துகள் தைத்திருக்கலாம். அப்போது கண்ணைக் கசக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முகத்தை மறைக்கும் ஷீல்டு மேஸ்திரியின் கையில் இருக்கிறது. ஓரடி தூரத்தில் தகட்டைப் பிடித்திருப்பவரிடம் இல்லை. 'கண்ணை மூடிக்கோ' என்ற குரல் வருவதற்குள் ராடு உரசிவிடுகிறது. சாதாரணக் கூலிங் கிளாஸ் இதற்கு ஆகாது. 10-ஆம் எண் கறுப்புக் கண்ணாடி பொருத்திய ஷீல்டு அவருக்கும் தனியாக வேண்டும். என்னைக் கேட்டால், தகட்டை ஒரு சி கிளாம்ப், அதாவது திருகி இறுக்கும் பிடிப்பான், பிடித்துக்கொள்ளும். அதற்கு ஒரு பையன் எதற்கு?

கேள்வி: ஜி.ஐ. பைப்பில் கேட் செய்த அன்று இரவு குளிரும் காய்ச்சலும் வந்து, மறுநாளே போய்விடுகிறது. பால் குடித்தால் வராது என்பது உண்மையா?
- ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: பாலுக்கு இதிலும் வேலையில்லை. ஜி.ஐ. பைப்பின் மேல்பூச்சான துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருகச் சுமார் 1,500 டிகிரி வேண்டும். அந்த ஆவி காற்றில் பட்டு வெண்புகையாகி நுரையீரலுக்குள் போவதால் வரும் காய்ச்சல் இது; வயிற்றுக்குப் போகும் பால் அதை எப்படித் தடுக்கும்? ஒட்டும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, திறந்த வெளியில், புகை முகத்துக்கு வராதபடி பக்கவாட்டில் நின்று வேலை செய்யுங்கள். தேய்க்கும்போதும் ஒட்டும்போதும் உலோகப் புகைக்கான முகமூடி அணியுங்கள், துணியைக் கட்டிக்கொள்வது போதாது. மூச்சுத்திணறல் இருந்தாலோ, காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினாலோ மருத்துவரிடம் போவதில் தாமதம் கூடாது.

கேள்வி: காலி டீசல் பீப்பாயைக் கேஸ் சுடருக்குப் பதில் கட்டிங் வீலால் வெட்டினால் ஆபத்தில்லையே?
- ஒரு வாசகர், ஆத்தூர்

பதில்: இருக்கிறது; வீலின் பொறியும் நெருப்புதான். டீசல் பெட்ரோல்போல் எளிதில் பற்றாது என்பது உண்மை, ஆனால் அடியில் படிந்த கொஞ்சம் டீசல் வெட்டும் சூட்டில் ஆவியாகி உள்ளே நிறைந்துவிட்டால் ஒரு பொறி போதும். மூடியைத் திறந்து வைப்பதும் ஒரு முறை அலசுவதும் போதாது. ஆக்சிஜனை உள்ளே செலுத்தி ஊதுவது இன்னும் மோசம், அது வெடிப்பை வலுப்படுத்தும். எண்ணெய் வைத்திருந்த பீப்பாயை விட்டுவிட்டு, புதுத் தகடு வாங்கி வளைத்துக்கொள்ளுங்கள்.