கப்பல் பயணம்: வாசகர் கேள்வி–பதில்

ஒரே நிறுவனத்தின் கப்பல்களில் தொடர்ந்து போனால் உறுப்பினர் சலுகைகள் கூடிக்கொண்டே போகும் என்கிறார்கள். அதற்காகவே மற்ற நிறுவனங்களை ஒதுக்கிவிடலாமா?

முதலில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ராயல் கரீபியன் நிறுவனத்தின் கிரவுன் அண்ட் ஆங்கர் என்ற உறுப்பினர் திட்டத்தில் ஓர் இரவுக்கு ஒரு பாயின்ட். சூட் எனப்படும் பெரிய அறைத்தொகுதி எடுத்தால் இரட்டிப்பு. தனி ஆளாக, இருவருக்கான கட்டணத்தையும் கட்டிப் போனால் இரவுக்கு ஒரு பாயின்ட் கூடுதல். உருப்படியான சலுகைகள் தொடங்கும் டைமண்ட் நிலைக்கு 80 பாயின்ட் வேண்டும், டைமண்ட் பிளஸுக்கு 175, உச்சத்தில் இருக்கும் பினாக்கிளுக்கு 700. சாதாரண கேபினில், ஏழு இரவுப் பயணங்களாகவே போகிறவர் டைமண்டைத் தொட 12 பயணம் போக வேண்டும். பினாக்கிளுக்குச் சரியாக 100 வாரம். வருஷத்துக்கு ஒரு முறை போகிற குடும்பத்துக்கு டைமண்டே 12 வருஷத் தூரத்தில் இருக்கிறது.

அதற்குள் விதிகளே மாறிவிடலாம். கார்னிவல் நிறுவனம் பல வருஷமாகப் பயண நாள்களை எண்ணித்தான் நிலை கொடுத்து வந்தது. 2025இல் அது அறிவித்த புதிய திட்டத்துக்கு அளவுகோல் நாள் அல்ல, செலவு. சம்பாதித்த நிலையைத் தக்கவைக்க இரண்டு வருஷக் கணக்கும் அதில் உண்டு. நாள் கணக்கை நம்பி, ஜன்னல் இல்லாத மலிவான உள் கேபின்களில் பொறுமையாக ஏறி வந்தவர்களுக்கு இது பெரிய அடி. அவர்களுடைய கோபம் நியாயமானது என்றே சொல்வோம்.

சலுகைகளில் எது காசு பெறும், எது வெறும் அலங்காரம் என்பதையும் பிரித்துப் பாருங்கள். ராயல் கரீபியன் டைமண்டுக்கு ஒரு நாளில் நான்கு பானங்கள் இலவசம். குடிக்காமல் விட்டது மறுநாளுக்குச் சேராது. ஒரு பானத்துக்கு இவ்வளவு விலைவரை என்ற வரம்பும் இருக்கிறது. கணவன், மனைவி இருவருமே டைமண்ட் என்றால் நாளுக்கு எட்டு. பெரும்பாலானவர்களுக்கு அதற்கு மேல் தனியாகப் பானப் பேக்கேஜ் வாங்கத் தேவையே வராது. இது நிஜமான மிச்சம். ஹாலந்து அமெரிக்காவின் நான்கு நட்சத்திர நிலைக்குத் துணி துவைப்பது இலவசம். 14 இரவு, 20 இரவுப் பயணங்களில் பாதிப் பெட்டியோடு போய்வர அது ஒன்றே போதும். நீண்ட பயணம் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல சலுகை எங்கள் கண்ணில் படவில்லை. மாறாக, முன்னுரிமை ஏற்றம், அதாவது மற்றவர்களுக்கு முந்திக் கப்பலில் ஏறலாம் என்ற சலுகையை நம்பி ஏமாறாதீர்கள். பழைய பயணிகள் விரும்பிப் போகும் நீண்ட பயணங்களில் கப்பலில் பாதிப் பேருக்கு அந்த அட்டை இருக்கும், முன்னுரிமை வரிசைதான் நீளமாக இருக்கும்.

ஒரே குழுமத்தைச் சேர்ந்த நிறுவனங்களுக்கிடையே நிலை செல்லுமா என்பதும் இடத்துக்கு இடம் மாறும். ராயல் கரீபியன், செலிபிரிட்டி, சில்வர்சீ மூன்றும் 2024 முதல் ஒன்றின் நிலையை மற்றொன்று மதிக்கின்றன. கார்னிவல் கார்ப்பரேஷனுக்குள் கார்னிவல், பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, குனார்ட் எல்லாம் இருந்தாலும், ஒன்றில் சேர்த்த நாள் இன்னொன்றில் எடுபடாது. ஆகவே, பாதித் தூரம் ஏற்கெனவே வந்துவிட்டு, வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை போகிறவர் என்றால் அங்கேயே இருங்கள். மற்றவர்கள் கப்பலையும் வழித்தடத்தையும் பார்த்துப் பதிவு செய்யுங்கள். பாயின்ட் தானாகச் சேர்ந்தால் சேரட்டும்.

போன பயணத்தின் பாயின்ட் என் கணக்கில் ஏறவே இல்லை. யாரைக் கேட்பது?

பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று. ஏஜென்ட் மூலம் பதிவு செய்தபோது உறுப்பினர் எண்ணைச் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். அல்லது கணக்கில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் வேறாக இருக்கும். தந்தை பெயரை முன்னால் எழுதுவதா பின்னால் எழுதுவதா என்ற குழப்பம் உள்ளவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அல்லது தெரியாமல் இரண்டு கணக்கு உருவாகி, பாயின்ட் மற்றதில் போய் உட்கார்ந்திருக்கும். கப்பல் திரும்பி ஓரிரு வாரம் பொறுத்துப் பாருங்கள். பிறகு பதிவு எண், கப்பல் பெயர், புறப்பட்ட தேதி, கேபின் எண் நான்கையும் குறித்து உறுப்பினர் பிரிவுக்கு எழுதுங்கள். இரண்டு கணக்கு இருந்தால் இணைக்கச் சொல்லிக் கேளுங்கள், இணைப்பார்கள். கடைசி நாள் பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் ஆதாரம்.

பெரிய கப்பல் என்றால் நெரிசல், சின்னது என்றால் விசாலம். சரிதானே?

சரியல்ல. விளம்பரத்தில் வரும் கிராஸ் டன்னேஜ் கப்பலின் எடை அல்ல. உள்ளே மூடப்பட்ட இடத்தின் கொள்ளளவைக் கணக்கிட்டுச் சொல்லும் எண் அது. அதை, கேபினுக்கு இரண்டு பேர் என்று எண்ணிய பயணிகள் தொகையால் வகுத்தால் ஆளுக்கு எவ்வளவு இடம் என்று ஓரளவு தெரியும். 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் 2,48,663 டன், 5,610 பேர்: ஆளுக்கு 44. அதைவிடச் சிறியதான கார்னிவல் மார்டி கிரா சுமார் 1,81,000 டன், 5,282 பேர்: 34. 2004இல் முதல் பயணம் போன குயின் மேரி 2 சுமார் 1,49,000 டன், 2,691 பேர்: 55. மூன்றில் சிறியதுதான் விசாலமானது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மேல் படுக்கை, சோபா படுக்கை எல்லாம் நிரம்பினால் ஐகானில் 7,600 பேர் வரை ஏறலாம். அப்போது அதே கணக்கு 33க்கும் கீழே இறங்கிவிடும். பள்ளி விடுமுறையில் போனவரும் விடுமுறை முடிந்து போனவரும் ஒரே கப்பலைப் பற்றி நேர் எதிராகப் பேசுவது இதனால்தான். விமர்சனம் படிக்கும்போது எழுதியவர் போன மாதத்தையும் பாருங்கள்.

பழைய கப்பல் என்றால், கடைசியாக எப்போது உலர் துறைக்கு (கப்பலைத் தண்ணீர் இல்லாமல் நிறுத்திப் பழுதுபார்க்கும் இடம்) போனது என்று கேளுங்கள். பயணிகள் கப்பல்கள் ஐந்து வருஷத்தில் குறைந்தது இரண்டு முறை உலர் துறையில் ஏறி அடிப்பாகச் சோதனைக்கு நிற்க வேண்டும். கம்பளம், மெத்தை, குழாய் மாற்றுவதும் அப்போதுதான் நடக்கும். உலர் துறைக்குச் சற்று முந்தைய மாதங்களில் போனால் தேய்ந்த கம்பளத்தைப் பார்ப்பீர்கள். வெளியே வந்த உடனே முதல் பயணத்திலும் போகாதீர்கள், பெயின்ட் வாசனையும் முடியாத வேலையும் மிச்சம் இருக்கும்.

போன முறை கேபினில் தூக்கமே இல்லை. தளவரைபடத்தைப் பார்த்து எப்படித் தேர்ந்தெடுப்பது?

உங்கள் தளத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை. ஒரு தளம் மேலேயும் ஒரு தளம் கீழேயும் உள்ள வரைபடங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலேயும் கீழேயும் கேபின்களே இருந்தால் நிம்மதி. மேலே நீச்சல்குளத் தளம் இருந்தால் விடிகாலையில் ஆள்கள் தளத்தைக் கழுவ வந்து சாய்வு நாற்காலிகளை ஒவ்வொன்றாக இழுத்து நகர்த்துவார்கள். அந்தக் கிரீச் சத்தம் கூரை வழியாக நேராகத் தலையணைக்கு இறங்கும். மேலே பஃபே இருந்தால் தட்டு வண்டிகளின் உருளைச் சத்தம். கீழே தியேட்டரோ பாரோ இருந்தால் நள்ளிரவு வரை இசையின் பாஸ் (தாழ்ந்த ஒலி) அதிர்வு. வரைபடத்தில் எதுவும் எழுதாமல் வெள்ளையாக விட்ட இடத்தை வெற்றிடம் என்று நினைத்துவிடாதீர்கள். அநேகமாக அது சமையலறையோ, ஊழியர்கள் சாமான் ஏற்றி இறக்கும் பாதையோதான்.

மூக்குப் பக்கம் தாழ்ந்த தளம் என்றால் துறைமுகத்தில் நங்கூரம் இறங்கும்போது சங்கிலி தடதடவென்று எழுப்பும். வால் பக்கம் தாழ்ந்த தளம் என்றால் கப்பல் கரை ஒட்டும் நேரத்தில் அதிர்வு. இரண்டு கேபின்களுக்கு நடுவே அம்புக்குறி போட்டிருந்தால் அது இணைப்புக் கதவு. பக்கத்து அறைக்காரர் இருமுவது வரை கேட்கும், சொந்தக்காரர் அங்கே இல்லையென்றால் தவிர்த்துவிடுங்கள். பால்கனிக்கு நேர் கீழே உயிர்காப்புப் படகு தொங்குகிறதா என்பதையும் பாருங்கள்.

குமட்டல் வருகிறவர்கள் நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில் எடுக்க வேண்டும். கப்பல் முன்னும் பின்னுமாக ஆடுவது நடுவில்தான் மிகக் குறைவு. பக்கவாட்டு ஆட்டத்தைத் துடுப்பு போன்ற ஸ்டெபிலைசர்கள் நன்றாகக் குறைத்துவிடும். முன் பின் ஆட்டத்தை அவற்றால் அவ்வளவாகக் கட்டுப்படுத்த முடியாது. கேபின் எண்ணை நிறுவனமே ஒதுக்கும் ‘கியாரண்டி’ கட்டணம் மலிவுதான். ஆனால் மேலே சொன்ன அத்தனையும் உங்கள் கையை விட்டுப் போய்விடும். தூக்கம் லேசானவர்களுக்கு அது ஆகாது.

சாப்பாட்டுக்கு நிலையான நேரமா, விருப்ப நேரமா?

நிலையான நேரத்தில் தினமும் அதே மேஜை, அதே பரிமாறுபவர். இரண்டாம் நாளே உங்களுக்கு என்ன ஆகும், ஆகாது என்று அவருக்குத் தெரிந்துவிடும். குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து போகிற குடும்பத்துக்கு இதுதான் வசதி. முதல் பந்தி வழக்கமாக மாலை ஐந்தரை, ஆறு மணிக்கு. துறைமுகத்தில் பகல் முழுக்கச் சுற்றிவிட்டு வந்து அதைப் பிடிப்பது ஓட்டமாகிவிடும், அப்படிப்பட்ட வழித்தடத்துக்கு எட்டு மணிப் பந்தியை எடுங்கள். விருப்ப நேரத்தில் ஏழு முதல் ஏழரை வரைதான் வரிசை நீளும். கப்பலில் ஏறிய உடனே செயலியில் எல்லா இரவுக்கும் நேரம் குறித்துவிடுங்கள்.

ஏறும் நாளில் எல்லோரும் பஃபேக்குப் பாய்வார்கள். சில கப்பல்களில் அன்று பிரதான உணவகமும் மதியம் திறந்திருக்கும், ஊழியரிடம் கேட்டுவிட்டு அங்கே போங்கள். கட்டண உணவகங்களைக் கப்பலில் ஏறும் முன்பே பதிவு செய்தால் மலிவு. முதல் இரவில் அங்கே கூட்டம் குறைவு, தள்ளுபடியும் கிடைப்பதுண்டு. ரசீதில் 18 முதல் 20 சதவீதம் சேவைக் கட்டணம் சேரும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முழுச் சைவம். பதிவில் எழுதினால் போதுமா?

போதாது. பதிவில் எழுதியது மேஜைக்கு வந்து சேர்ந்ததா என்பதை நீங்களேதான் உறுதி செய்ய வேண்டும். முதல் இரவே தலைமைப் பரிமாறுபவரைக் கூப்பிட்டு, “மீன், முட்டை, இறைச்சிச் சாறு எதுவும் கூடாது” என்று உடைத்துச் சொல்லுங்கள். வெறும் ‘வெஜிடேரியன்’ என்றால் முட்டை சேரும் என்றே பலர் எடுத்துக்கொள்வார்கள். பிறகு தினமும் இரவுச் சாப்பாடு முடியும்போது மறுநாள் மெனுவைக் கேட்டு வாங்கி, வேண்டியதைக் குறித்துக் கொடுங்கள். சமையலறை அளவெடுத்துத் தனியாகச் செய்ய ஒரு நாள் அவகாசம் வேண்டும், வந்து உட்கார்ந்த பிறகு கேட்டால் வேகவைத்த காய்கறித் தட்டுதான் வரும்.

ஏமாறும் இடங்கள்: சூப்பில் கோழிச் சாறு, சீசர் சாலட் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி, ஆசிய வறுவல்களில் மீன் சாஸ், மூஸ் போன்ற இனிப்புகளில் ஜெலட்டின், பார்மசான் சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட். பஃபேயில் கரண்டி இடம் மாறும். கண்டிப்பானவர்கள் பிரதான உணவகத்திலேயே சாப்பிடுவது நல்லது.

கை சுத்திகரிப்பு ஜெல் போட்டுக்கொண்டால் வயிற்றுப்போக்கு வராதா?

கப்பல்களில் பரவும் நோரோ வைரஸுக்கு ஆல்கஹால் ஜெல் சரியாக வேலை செய்யாது. சோப்புப் போட்டுக் குறைந்தது 20 விநாடி கழுவ வேண்டும். பஃபேயில் பொதுக் கரண்டியைத் தொட்ட பிறகு, சாப்பிட உட்காரும் முன் கழுவுங்கள்.

பாதுகாப்பு ஒத்திகையை விட்டுவிட்டால் என்ன ஆகும்?

விடாதீர்கள். 2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் மோதியபோது, அன்று மாலைதான் ஏறியிருந்த பயணிகளுக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. 32 பேர் இறந்தார்கள். முன்பு 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்த விதி, 2015 முதல் புறப்படும் முன் அல்லது புறப்பட்ட உடனே என்று மாறியது. இப்போது பல கப்பல்களில் செயலியில் வீடியோ பார்த்துவிட்டு, கூடும் இடத்துக்கு நேரில் போய்ப் பதிந்தால் போதும். அப்படிப் போகும்போது கேபினிலிருந்து படிக்கட்டு வழியாகவே ஒரு முறை நடந்து பாருங்கள், ஆபத்தில் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது.

கப்பல் நம்மை விட்டுப் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போயிருந்தால் காத்திருப்பார்கள், அல்லது அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டு சேர்ப்பார்கள். நீங்களாகப் போயிருந்தால் பொறுப்பு உங்களுடையது. பெரும்பாலும் தவறு நடப்பது கடிகாரத்தில்தான்: கப்பல் ஒரு நேரத்தில் ஓடும், போன் கரையின் நேரத்துக்குத் தானாக மாறிவிடும். சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொண்டு இறங்குங்கள். பாஸ்போர்ட்டின் நகல் ஒன்றும் பையில் இருக்கட்டும்.

சூட்டுக்கு ஏலத்தில் விலை கேட்கச் சொல்லி மின்னஞ்சல் வந்திருக்கிறது. கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் அங்கே காட்டும் தொகை ஓர் ஆளுக்கு. கேபினில் முதல் இருவருக்கும் சேர்த்து இரட்டிப்பாகத்தான் கார்டில் ஏறும், ஏற்றுக்கொண்ட பிறகு திருப்பித் தரமாட்டார்கள். எந்தக் கேபின் என்று தேர்ந்தெடுக்கவும் முடியாது. நடுப்பகுதியிலிருந்து மூக்குப் பக்கம் போய்விடலாம். ராயல் கரீபியனில் இப்படிக் கிடைத்த சூட்டுக்கு இரட்டைப் பாயின்ட் கிடையாது, முதலில் பதிவு செய்த கேபின் வகைக்குத்தான் பாயின்ட் கணக்கிடுவார்கள். பாயின்ட்டுக்காக என்றால் வேண்டாம், அந்த அறையில் தங்க வேண்டும் என்றால் குறைந்தபட்சத் தொகைக்குச் சற்று மேலே கேட்டுப் பாருங்கள்.