பேசாதவர்களை நீக்கலாமா?

அன்புள்ள ஐயா,

நான் நடத்தும் வாசகர் வாட்ஸப் குழுவில் 1,016 பேர் சேர்ந்துவிட்டார்கள். இன்னும் எட்டு இடமே மிச்சம். ஆனால் போன மாதக் கூட்டத்துக்கு வந்தவர்கள் 14 பேர்தான். பேசாதவர்களை நீக்கிவிடலாமா, இரண்டாவது குழு தொடங்கலாமா? குழுவின் சின்னத்தையும் அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

சின்னம் நன்றாக இருக்கிறது. அதை விடுங்கள். ‘சேர்ந்துவிட்டார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அவர்களாகவா சேர்ந்தார்கள்? நீங்கள்தானே சேர்த்தீர்கள்? 256ஆக இருந்த வரம்பு 2022இல் 512 ஆனது, அதே ஆண்டில் 1,024 ஆனது. இடம் பெருகியதும் வாசகர்களே பெருகிவிட்டதாக மகிழ்ந்துவிட்டீர்கள்.

விக்கிப்பீடியா இதில் நாணயமானது. ஆங்கில விக்கிப்பீடியாவில் கணக்கு வைத்திருப்பவர்கள் நான்கு கோடிக்கும் மேல். கடந்த 30 நாட்களில் ஏதாவது செய்தவர்களைத் தனியாக எண்ணிக் காட்டுகிறார்கள். அந்த எண் கோடியின் பக்கமே வராது. ஆனால் அந்தப் படியை வைத்து உங்கள் குழுவை அளக்காதீர்கள். அங்கே வேலை எழுதுவது, திருத்துவது. இங்கே வேலை வாசிப்பது. வாசிப்பவர் சத்தம் போடமாட்டார்.

நான் இருந்த ஒரு குழுவில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். குழுவில் ஒரு வரி எழுதியதில்லை. ஞாயிறு மாலையானால் எனக்குப் போன் செய்து, அந்த வாரம் வந்த கதைகளில் ஒன்றைப் பிரித்துப் பிரித்துப் பேசுவார். ஒரு தை மாதம் இறந்துபோனார். துக்கத்துக்குப் போனபோது அலமாரித் தட்டில் அவருடைய மூக்குக் கண்ணாடியும், பக்கத்தில் அணைந்துபோன கைப்பேசியும் இருந்தன. அன்றிரவு குழுவில் எழுதினேன். விடிவதற்குள் அந்தச் செய்தி காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விட்டது. உறுப்பினர்கள் 412 என்பது அப்படியே நின்றது.

120 நாட்கள் பயன்படுத்தாத கணக்கை வாட்ஸப் பொதுவாக நீக்கிவிடும். வைகாசியில் ஒரு காலை, தபால்காரர் பெயரோடு ‘வெளியேறினார்’ என்று குழுவை நடத்தியவருக்கு ஒரு வரி வந்தது. அவர் உடனே குழுவில் எழுதினார்: “ஐயாவுக்கு நம் மேல் என்ன வருத்தம்? 411 ஆகிவிட்டோமே.”

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் கெட்டவர் அல்ல. ஒருவர் குறைந்தது அவர் கண்ணில் பட்டது, குறைந்தது யார் என்பது படவில்லை.

இரண்டாவது குழு வேண்டாம். யாரையும் நீக்கவும் வேண்டாம். வந்த அந்த 14 பேர் என்ன பேசினார்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி உண்டா? வெயிலில் பஸ் பிடித்து வந்திருப்பார்களே! எனக்குக் கோபமே அதில்தான். வராத 1,002 பேரில் ஒருவரை இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிடுங்கள். கூட்டத்துக்கு அழைக்காதீர்கள், என்ன வாசிக்கிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள். அடுத்த ஞாயிறு இன்னொருவர். அவர்கள் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.