பிரம்மியா, வல்லாரையா? எல்லையோர மூலிகைக் கேள்வி பதில்

கேள்வி (களியக்காவிளை): அண்ணாச்சி, கேரளத்துப் பாறசாலைப் பக்கம் ஒரு நர்சரியில் வல்லாரை என்று நினைத்து பிரம்மி வாங்கினேன். அம்மா இது வல்லாரையே இல்லை என்கிறாள்.

அம்மா சொல்வது சரி. நர்சரிக்காரரும் ஏமாற்றவில்லை. மலையாளத்தில் பிரம்மி என்றால் நம்ம நீர்ப்பிரம்மி: நகத்தைவிடச் சின்ன, சதைப்பற்றுள்ள இலை, வெளிறிய பூ, மென்றால் கசப்பு. வல்லாரைக்கு அங்கே குடங்கல், முத்தில் என்று பெயர். இலை வட்டமாக, காம்புப் பக்கம் பிளந்து, ஓரம் பல் பல்லாக இருக்கும். கணுவுக்குக் கணு வேர் விட்டு ஓடும். துவையலுக்கு இதுதான். சாக்கடை ஓரத்திலும் கொழுத்து வளரும், அதைப் பறிக்காதீர்கள்.

கேள்வி (செங்கோட்டை): திப்பிலிக் கொடி நன்றாகப் படருது, கதிரும் வருது, ஆனால் காய் தடிக்கவில்லையே?

கதிர் மெலிந்து நீளமாக இருந்தால் அது ஆண்கொடி; எத்தனை உரம் போட்டாலும் காய்க்காது. கதிர் குட்டையாக, தடிப்பாக இருக்கும் பெண்கொடியில் 3 முதல் 5 கணு உள்ள துண்டு வெட்டி, மாசி பங்குனியில் பையில் வேர் பிடிக்க வையுங்கள். சாரல் தொடங்கியதும் 60 செ.மீ. இடைவெளியில் நடலாம். தென்னந்தோப்பின் அரைகுறை நிழல் போதும், இருட்டு நிழலில் கதிரே வராது. பறிக்கும் பக்குவம்தான் முக்கியம்: காய் கெட்டியாக, கரும்பச்சையாக இருக்கும்போதே பறித்து 4, 5 நாள் வெயிலில் காயவிடுங்கள். சிவந்து பழுத்தால் காரம் குறைந்துவிடும். கொடி கிழடானதும் வேரும் அடித்தண்டும் வீணில்லை, ரசத்துக்குப் போடும் கண்டந்திப்பிலி அதுதான்.

கேள்வி (குலசேகரம்): ஆடாதோடை வேலிக்கு ஆகுமா? மருந்தாகப் பழக்கம் எவ்வளவு பழசு?

ஆகும், ஆடு வாய் வைக்காது, பெயரே அதுதானே. 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, அங்கிருந்த 15 படுக்கை ஆதுலர்சாலையின் (மருத்துவமனையின்) மருந்துகளை வரிசையாகச் சொல்கிறது. அதில் ஒன்று வாசாஹரிதகி. வாசா என்பது ஆடாதோடை, ஹரிதகி கடுக்காய். 15 முதல் 20 செ.மீ. முற்றிய தண்டை, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கவே கூடாது, கருப்பையைச் சுருங்க வைக்கும். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் கஷாயத்தை நிறுத்திவிட்டுச் சளிப் பரிசோதனைக்குப் போங்கள்.

கேள்வி: தொட்டியில் கற்பூரவல்லி அடியோடு அழுகுது.

தண்ணீர் அதிகம். மேல்மண் காய்ந்த பிறகே ஊற்றுங்கள், மழையில் கூரைத் தண்ணீர் சொட்டும் இறவாணத்துக்கு அடியில் வைக்காதீர்கள். அழுகாத நுனியைக் கிள்ளி மணல் கலந்த மண்ணில் வைத்தால் புதுச்செடி.

கேள்வி (மார்த்தாண்டம்): துளசி காயவைத்துப் போத்தலில் போட்டேன், பூஞ்சணம் பிடிச்சிட்டு. நிழலில்தானே காயவைத்தேன்?

நிழல் சரி, காற்று? நம்ம ஊர் மழைமாச ஈரத்தில் நிழல் மட்டும் போதாது. பூ விரியுமுன் பறித்து, பாயில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, ஃபேனுக்கு அடியில் தினம் புரட்டுங்கள். இலை நொறுங்கினால் மட்டும் போதாது, காம்பும் 'டக்'கென்று ஒடிய வேண்டும். கண்ணாடிப் போத்தலில் போட்டு இரண்டு நாள் பாருங்கள். உள்பக்கம் துளி ஈரம் வேர்த்திருந்தால் திரும்பவும் பாயில் கொட்டுங்கள்.