ரெண்டர் செய்த படத்தில் வானம் பட்டை பட்டையாகத் தெரிகிறது. சாம்பிளைக் கூட்டியும் போகவில்லை. என்ன செய்வது?

சாம்பிளை, அதாவது ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒளியைக் கணக்கிடும் தடவைகளை, கூட்டினால் இது போகாது, இன்னும் எடுப்பாகத்தான் தெரியும். ஒரு இரவுக் காட்சியை ராத்திரி முழுக்க ஓட்டிப் பார்த்துத்தான் இதைப் புரிந்துகொண்டேன். குறைந்த சாம்பிளில் இருந்த பொடிப் புள்ளிகளான நாய்ஸ் பட்டைகளை மறைத்து வைத்திருந்தது. படம் சுத்தமாக ஆக, அவை வெளியே வந்துவிட்டன.

ரெண்டரர், அதாவது காட்சியைப் படமாக்கும் மென்பொருள், உள்ளே தசம எண்களில்தான் கணக்குப் போடுகிறது. அங்கே பட்டை கிடையாது. கடைசியில் 8 பிட் கோப்பாகச் சேமிக்கும்போது சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரையுள்ள முழு எண்ணாகிவிடுகிறது. உங்கள் வானம் அடிவானத்தில் 40, உச்சியில் 10 என்று வைத்துக்கொள்வோம். 1080 பிக்சல் உயரத்துக்கு மொத்தமே 30 படிகள். ஒவ்வொரு பட்டையும் 36 பிக்சல் தடிமன்! போதாததற்கு, பக்கத்துப் பக்கத்துச் சாயல்களின் எல்லையை நம் கண்ணே கூர்மையாக்கிக் காட்டும். ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1839லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

இதற்கு மருந்து டிதரிங். முழு எண்ணாக்குவதற்குச் சற்று முன், ஒவ்வொரு பிக்சலிலும் −0.5 முதல் +0.5 வரை ஏதாவது ஒரு ரேண்டம் எண்ணைக் கூட்டுங்கள். 20.3 என்ற மதிப்பு முன்பு எல்லா இடத்திலும் 20 ஆகியிருக்கும். இப்போது பத்துப் பிக்சலில் சுமார் மூன்று 21 ஆகும், மற்றவை 20. தள்ளி நின்று பார்க்கும் கண்ணுக்கு அது 20.3 தான். லாரன்ஸ் ராபர்ட்ஸ் 1962லேயே படங்களுக்கு இந்த வழியைச் சொல்லிவிட்டார். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் அவுட்புட் அமைப்புகளில், போஸ்ட் பிராசஸிங் பகுதியில் டிதர் என்றே ஒரு எண் இருக்கிறது.

சொந்தமாக ஷேடர் (பிக்சலின் நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரல்) எழுதுகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். நான் முதலில் லீனியர் நிறத்தோடு (ஒளியின் அளவை அப்படியே சொல்லும் எண்கள்) நாய்ஸைக் கூட்டிவிட்டு, அப்புறம் திரைக்கான எஸ்ஆர்ஜிபி நிற முறைக்கு மாற்றினேன். இருட்டுப் பகுதி சொரசொரவென்று ஆனது, வெளிச்சப் பகுதியில் பட்டை அப்படியே இருந்தது. அந்த மாற்றம் இருட்டை நீட்டி, வெளிச்சத்தைச் சுருக்குகிறது. நாய்ஸும் அதோடு சேர்ந்து நீண்டு சுருங்கிவிடும். ஆகவே நிற மாற்றம் முழுக்க முடிந்த பிறகு கூட்டுங்கள். மூன்று சேனலுக்கும் தனித்தனி ரேண்டம் எண் கொடுங்கள்.

படத்தில் இன்னும் வேலை பாக்கி என்றால் 16 பிட்டிலோ இஎக்ஸ்ஆரிலோ (தசம எண்களாகவே சேமிக்கும் கோப்பு வகை) வைத்திருங்கள். முடிந்ததைப் பிஎன்ஜியாகச் சேமியுங்கள். ஜேபெக் அதிகம் அழுத்தினால் அந்த நாய்ஸைத்தான் முதலில் தின்னும். வீடியோவுக்கு முடிந்தால் 10 பிட்.

முதலில் ஐட்ராப்பரால் (தொட்ட இடத்தின் நிற எண்ணைக் காட்டும் கருவி) அடுத்தடுத்த இரண்டு பட்டைகளைத் தொட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சேனலிலும் வித்தியாசம் 1க்கு மேல் போகவில்லை என்றால் நான் சொன்னதுதான் காரணம். 3, 4 என்று எகிறினால் வானத்துக்குப் போட்ட டெக்ஸ்சர் படத்திலேயே பட்டை இருக்கலாம், அதைப் பாருங்கள்.